எழுத்தும் இசைத்தட்டும்

ஆசிரியர், தாதி, கணக்காளர், பொறியாளர் போன்றோர் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல முடியாத பிழைப்புகளும் உண்டு. ஓர் எழுத்தாளர் காலையில் ஒரு நாளிதழுக்காக நாடக விமர்சனம் எழுதுகிறார். பிற்பகலில் ஒரு பலகாரக் கடையின் தீபாவளி விளம்பரத்திற்கு வாசகம் எழுதித் தருகிறார். சனிக்கிழமை இரவு ஒரு திருமண விருந்தில் டிஜேயாக நின்று பாடல்களை ஒலிக்கச் செய்கிறார். மூன்று வேலைக்கும் மூன்று பேர் பணம் தருகிறார்கள். அவர்களுள் ஒருவர்கூட அவருக்கு முதலாளி இல்லை. இவ்வாறு எந்த நிறுவனத்திலும் நிரந்தர ஊழியராக இல்லாமல், எழுத்தை நம்பி வாழ்பவரைத் தன்னுரிமை எழுத்தாளர் என்கிறோம்.

ஆங்கிலத்தில் இவர்களை 'ஃபிரீலான்ஸர்' என்பர். 'லான்ஸ்' என்பது குதிரை வீரன் ஏந்தும் நீண்ட ஈட்டி. 1819ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' நாவலில், எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாமல் கூலிக்குப் போரிடும் வீரர்களைக் குறிக்க இச்சொல் வருகிறது. யாருக்கும் அடிமைப்படாத ஈட்டி என்பது அதன் பொருள். காலப்போக்கில் ஈட்டி போய்ப் பேனா வந்தது. ஆனால், சொல்லுக்குள் ஒளிந்திருந்த கேள்வி அப்படியே இருக்கிறது. ஈட்டி யாருக்கும் சொந்தமில்லை என்றால், பணம் கொடுக்கும் எவரும் அதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமா?

இந்தக் கேள்வியோடு ஓர் எழுத்தாளரின் வாழ்க்கையைப் பார்ப்போம். அவர் பெயர் டேவ் ஹாஸ்லம். 1962இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தவர். 1980இல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிப்பதற்காக மான்செஸ்டருக்கு வந்தார். ஒரு காலத்தில் உலகத்திற்கே துணி நெய்து அனுப்பிய நகரம் அது. அவர் வந்தபோது ஆலைகள் பலவும் மூடிக்கிடந்தன. வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்திருந்தது. ஆனால், வெறுமையாகக் கிடந்த கட்டடங்களில் இளைஞர்கள் கிதாரும் தாளக் கருவியும் வைத்துக்கொண்டு பயிற்சி செய்தார்கள். நகரெங்கும் புதிய இசைக்குழுக்கள் முளைத்தன. அவற்றைப் பற்றி எழுத ஆள் தேவைப்பட்டது.

ஹாஸ்லம் 1983இல் 'டெப்ரி' என்ற சிற்றிதழைத் தொடங்கினார். இடிபாடு என்று பொருள்படும் பெயர். ஆலைகள் மூடிய நகரத்திற்குப் பொருத்தமான பெயர்தான். இத்தகைய ரசிகர் சிற்றிதழ்கள் அக்காலத்தில் இங்கிலாந்து முழுவதும் வெளிவந்தன. தட்டச்சுப் பொறியில் அடித்து, படங்களை வெட்டி ஒட்டி, குறைந்த செலவில் அச்சிட்டு, இசைத்தட்டுக் கடைகளிலும் நிகழ்ச்சி அரங்கின் வாசலிலும் கையால் விற்பார்கள். இலாபம் பெரிதாகக் கிடைக்காது. ஆனால், எழுத்துப் பழக்கம் கிடைக்கும். நகரத்துக் கலைஞர்களின் அறிமுகம் கிடைக்கும். வாசகர் ஒருவர் கண்ணெதிரே இதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வாங்காமல் திருப்பித் தருவதைப் பார்க்கும் அனுபவமும் கிடைக்கும். எந்தப் பக்கத்தில் அவர் கை நின்றது, எந்தப் பக்கத்தைத் தாண்டிச் சென்றது என்று பார்ப்பதைவிட நல்ல எழுத்துப் பயிற்சி வேறு இருக்குமா என்பது ஐயமே.

பின்னர் ஹாஸ்லம், லண்டனிலிருந்து வெளிவந்த 'என்.எம்.இ.' என்னும் புகழ்பெற்ற இசை வார இதழுக்கும் எழுதினார். பண்பாட்டு இதழியல் என்று இப்பணியைச் சொல்கிறோம். இசை, நடனம், நாடகம், திரைப்படம், நூல், உணவு, உடை ஆகியவற்றைப் பற்றிய செய்தியும் விமர்சனமும் இதில் அடங்கும். கச்சேரியை இலவசமாகப் பார்த்துவிட்டு நாலு வரி எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இரவு பதினொரு மணிக்கு நிகழ்ச்சி முடிந்தால், மறுநாள் காலைக்குள் 600 சொற்களில் கட்டுரை போய்ச் சேர வேண்டியிருக்கும். 600 என்றால் 600தான். அதற்கு மேல் எழுதினால் ஆசிரியர் வெட்டுவார். அவர் வெட்டும் வரி பெரும்பாலும் நமக்குப் பிடித்த வரியாகவே இருக்கும்.

அரங்கத்திற்கு வராத வாசகருக்கு அங்கு நடந்ததை எப்படி உணர்த்துவது? அதுதான் விமர்சகரின் பெரும்பாடு. "பாடகர் மிக அருமையாகப் பாடினார்" என்ற வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். அதில் எதுவுமே கேட்கவில்லை. "மூன்றாவது பாடலில் மிருதங்கம் சட்டென்று நின்றது. பாடகர் அந்த வெற்றிடத்தை உடனே நிரப்பவில்லை. சில விநாடிகள் அரங்கமே மூச்சை அடக்கிக் காத்திருந்தது" என்று எழுதினால் நாமும் அங்கே உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும். முதல் வாக்கியத்தை வீட்டிலிருந்தபடியே எழுதிவிடலாம். இரண்டாவதை எழுத நிகழ்ச்சிக்குப் போயிருக்க வேண்டும். கண்ணும் காதும் அங்கேயே இருந்திருக்கவும் வேண்டும்.

தன்னுரிமை எழுத்தாளருக்கு எழுதுவதற்கு முன்பே ஒரு வேலை காத்திருக்கிறது. என்ன எழுதப்போகிறேன், அதை இப்போது ஏன் வெளியிட வேண்டும், அதை எழுத நான் ஏன் ஏற்றவன் என்பவற்றை ஒரு பத்தியில் எழுதி இதழாசிரியருக்கு அனுப்ப வேண்டும். பத்து யோசனை அனுப்பினால் இரண்டு ஏற்கப்படலாம். எட்டுக்குப் பதிலே வராமலும் போகலாம். பதில் வராததை மனத்தில் வைத்துக்கொண்டு வருந்துபவருக்கு இத்தொழில் கடினம்.

அதைவிடக் கடினமான ஒன்று உண்டு. எழுத இடம் தரும் இதழே ஒருநாள் இல்லாமல் போகலாம். 1952 முதல் வெளிவந்த என்.எம்.இ., 2018 மார்ச் மாதத்தோடு அச்சு வார இதழாக வருவதை நிறுத்திக்கொண்டது. நம் நாட்டில் 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழ், 94 ஆண்டுகளுக்கும் மேலாக வெளிவந்து, 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றது. 1950களின் தொடக்கத்தில் 'கதை வகுப்பு' நடத்திப் புதிய எழுத்தாளர்களை உருவாக்கிய நாளிதழ் அது. ஒரு நாளிதழ் மூடப்படும்போது அங்கு பணியாற்றியவர்களின் வேலை போவது எல்லாருக்கும் தெரியும். வெளியிலிருந்து கதையும் கட்டுரையும் அனுப்பிக்கொண்டிருந்தவர்களின் வாய்ப்பும் அதோடு போகிறது. அது எந்தக் கணக்கிலும் வராது. ஒரே இதழை நம்பியிருக்கும் தன்னுரிமை எழுத்தாளர், ஒற்றைத் தூணில் கூரை போட்டவரைப் போன்றவர். அதனால்தான் இவர்கள் வேறு வேலைகளையும் கற்றுக்கொள்கிறார்கள்.

அவ்வாறு பலரும் நாடும் வேலை விளம்பர எழுத்து. கட்டுரையைவிடச் சொற்கள் குறைவு; ஊதியம் பெரும்பாலும் அதிகம். இங்கு வாடிக்கையாளரின் கருத்துதான் எழுத்தாளரின் கருத்து. பொருள் என்ன, யாருக்கு விற்க வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்றெல்லாம் ஒரு குறிப்பு வரும். அதை வைத்துக்கொண்டு பத்து, இருபது வரிகள் எழுதிப் பார்த்து, கடைசியில் ஒரு வரியைக் கொடுக்க வேண்டும். முப்பது விநாடி வானொலி விளம்பரம் ஒன்றை எழுதி, கடிகாரத்தைப் பார்த்தபடி வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஐம்பது, அறுபது சொற்களுக்குள் நேரம் முடிந்துவிடும். அதற்குள் கடையின் பெயரையும் சொல்ல வேண்டும், கேட்பவர் மனத்தையும் தொட வேண்டும்.

நம் நாட்டில் தமிழ் விளம்பரங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பல விளம்பரங்கள் முதலில் ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதப்பட்டுப் பிறகு தமிழுக்கு மாற்றப்படுகின்றன. ஒரு சாய்வு நாற்காலிக்கான விளம்பரத்தில் "நீங்கள் இதற்குத் தகுதியானவர்" என்று வந்தால், ஏதோ தேர்வு முடிவு அறிவித்ததுபோல் இருக்கிறது. நம் வீட்டுப் பாட்டி அதை எப்படிச் சொல்வார்? "இத்தனை வருசம் ஓடியாடி உழைச்சீங்க, கொஞ்சம் உட்காருங்க" என்பார். அந்த வரியில் நாற்காலியின் பெயர்கூட இல்லை. ஆனாலும் உட்காரத் தோன்றுகிறது. மொழியை உள்ளிருந்து அறிந்த எழுத்தாளருக்குத்தான் இப்படிப்பட்ட வரி கிடைக்கும். தமிழில் நேரடியாகச் சிந்தித்து எழுதும் விளம்பர எழுத்தாளர்கள் இன்னும் பலர் நமக்குத் தேவை.

விளம்பர எழுத்து எவ்வளவு உயரத்திற்குப் போகலாம் என்பதற்கு மலேசியாவிலேயே சான்று இருக்கிறது. 1958இல் ஜொகூர் மாநிலத்தின் மூவாரில் பிறந்த யாஸ்மின் அகமது, தொடக்கத்தில் ஒரு வங்கியில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்து இரண்டே வாரத்தில் விலகினார். பிறகு ஒரு கணினி நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்தார். அப்போது பகலில் அலுவலகம், இரவில் பியானோ வாசித்துப் புளூஸ் பாடல்கள் பாடுவது என்று அவருடைய நாள்கள் கழிந்தன. பின்னர் விளம்பர எழுத்தாளராகி, லியோ பர்னெட் நிறுவனத்தின் கோலாலம்பூர்க் கிளையில் பல ஆண்டுகள் படைப்பாக்கத் தலைவர்களுள் ஒருவராகப் பணியாற்றினார். அவர் தன்னுரிமை எழுத்தாளர் அல்லர். மாதச் சம்பளம் பெற்றவர். ஆயினும், வாடகைக்குக் கொடுத்த பேனாவிலும் தன் குரலைக் கேட்கச் செய்தவர் என்பதால் இங்கு அவரைச் சொல்லாமல் இருக்க முடியாது.

பெட்ரோனாஸ் நிறுவனத்திற்காக அவர் உருவாக்கிய பெருநாள் விளம்பரங்களும் தேசிய தின விளம்பரங்களும் மலேசியர் பலருக்கு இன்றும் நினைவிருக்கும். 2007இல் வெளிவந்த 'டான் ஹோங் மிங் இன் லவ்' என்ற விளம்பரத்தில், ஒரு சீனச் சிறுவன் தனக்குப் பிடித்த மலாய்த் தோழியைப் பற்றி வெட்கத்தோடு பேசுகிறான். அவளிடம் இதுவரை சொல்லவில்லை என்கிறான். அவளையே அழைத்துக் கேட்டால், அவள் அவன் பெயரைத்தான் சொல்கிறாள். இருவரும் கைகோத்து நடந்து போகிறார்கள். எரிபொருள் நிறுவனத்தின் விளம்பரம் இது. பெட்ரோலின் பெருமையைப் பேச அதில் யாருமில்லை. பிள்ளைகளுக்கு இன வேறுபாடு தெரியவில்லை என்ற செய்தியை மட்டும் அது விட்டுச் செல்கிறது. மறு ஆண்டு கான் விளம்பர விழாவில் இது தங்க விருது பெற்றது. யாஸ்மின் திரைப்படங்களும் இயக்கினார். 2009இல் வந்த 'டேலண்டைம்' படத்தில் காது கேளாத தமிழ் மாணவன் ஒருவன் முக்கியப் பாத்திரம். அந்தப் படத்தில் தமிழும் ஒலிக்கிறது. அதே ஆண்டு ஜூலை மாதம் அவர் காலமானார்.

யாஸ்மினுக்கு இரவில் பியானோ இருந்ததைப்போல், ஹாஸ்லத்துக்கு இசைத்தட்டு இருந்தது. எழுத்தாளருக்கு டிஜே வேலை எதற்கு என்று கேட்கத் தோன்றும். அதை அறிய, டிஜே என்ன செய்கிறார் என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

டிஜேயின் முன்னால் இரண்டு சுழல்மேசைகள் இருக்கும். நடுவில் ஒலியைக் கலக்கும் கருவி இருக்கும். ஒரு மேசையிலுள்ள பாடல் கூட்டத்திற்குக் கேட்கும். இன்னொரு மேசையிலுள்ள அடுத்த பாடல், அவருடைய காதொலிப்பானில் மட்டும் கேட்கும். ஒரு காது கூட்டத்தோடு, ஒரு காது அடுத்த பாடலோடு. இப்போது ஒலிக்கும் பாடல் நிமிடத்திற்கு 124 தட்டு வேகத்தில் போகிறது, அடுத்தது 120 தட்டு என்று வைத்துக்கொள்வோம். அப்படியே மாற்றினால் ஆடுபவரின் கால் தடுமாறும். ஆகவே, இரண்டாவது தட்டின் சுழற்சியை ஏறக்குறைய 3.3 விழுக்காடு கூட்ட வேண்டும். 1979இல் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 எம்.கே. 2 என்ற சுழல்மேசையில் வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவும் குறைக்கவும் ஒரு நகர்த்தி இருந்தது. உலகெங்கும் டிஜேக்களின் கைக்கருவியாக அது மாறியதற்கு அந்த நகர்த்தியும் ஒரு காரணம். இன்று கணினியே வேகத்தைச் சரிசெய்து தருகிறது. அடுத்து எந்தப் பாடல் என்பதை மட்டும் ஆள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்த முடிவு எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1973 ஆகஸ்டு 11ஆம் நாள், நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு விருந்து நடந்தது. பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க ஒரு மாணவி ஏற்பாடு செய்த விருந்து அது. பெண்களுக்கு 25 காசும் ஆண்களுக்கு 50 காசும் நுழைவுக் கட்டணம். பாடல் போட்டவர் அவளுடைய அண்ணன். ஜமைக்காவிலிருந்து குடியேறிய 18 வயது இளைஞர் அவர். பின்னாளில் கூல் ஹெர்க் என்று புகழ்பெற்றார். பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் கூட்டம் மிகுந்த உற்சாகத்தோடு ஆடுகிறது என்பதை அவர் கவனித்து வைத்திருந்தார். அதனால், ஒரே இசைத்தட்டில் இரண்டு படிகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் அந்தப் பகுதி முடிந்ததும் மற்றொன்றில் அதே பகுதியைத் தொடங்கி, சில விநாடிகளைப் பல நிமிடங்களாக நீட்டினார். ஹிப்-ஹாப் இசை பிறந்த இடமாக அந்த விருந்தைப் பலரும் கொண்டாடுகிறார்கள். ஆடுபவர்களின் கால்களைக் கவனித்ததே எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

ஹாஸ்லம் மான்செஸ்டரின் 'ஹசியெண்டா' நடன அரங்கத்தில் 1986 முதல் வியாழக்கிழமைதோறும் இசைத்தட்டுப் போட்டார். மதுவிலக்கு மன்றம் என்று பொருள்படும் பெயர் அந்த நிகழ்ச்சிக்கு! கிதார் குழுக்களின் பாடல்களையும் புதிய நடன இசையையும் அவர் ஒரே இரவில் கலந்து தந்தார். அந்த அரங்கத்தில் மட்டும் 450 முறைக்குமேல் டிஜேயாக நின்றிருக்கிறார். அரங்கம் 1997இல் மூடப்பட்டது. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. மான்செஸ்டரின் வரலாற்றை 1999இல் நூலாக எழுதினார். டிஜேக்களின் உலகைப் பற்றி 2001இல் ஒரு நூல் வந்தது. நாடெங்கும் இருந்த இசையரங்குகளின் வரலாற்றை 2015இல் வெளியிட்டார். இரவில் கண்டது பகலில் எழுத்தானது. கட்டுரையில் ஒரு பத்தியிலிருந்து அடுத்த பத்திக்கு வாசகரைத் தடுமாறாமல் அழைத்துச் செல்வதும், ஒரு பாடலிலிருந்து அடுத்த பாடலுக்குக் கூட்டத்தை அழைத்துச் செல்வதும் நெருங்கிய உறவுடைய திறன்கள்தாம்.

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். விமர்சகர் தம் கருத்தைச் சொல்கிறார். விளம்பர எழுத்தாளர் பிறர் கருத்தைச் சொல்கிறார். டிஜே எந்தப் பக்கம்? ஒரு பாடலைத் தேர்ந்தெடுத்து ஒலிக்கச் செய்யும்போது, "இது கேட்கத் தகுந்தது" என்று அவர் பேசாமலே விமர்சனம் செய்கிறார். கேட்பவர்களும் அப்படித்தான் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை விற்றதால் எழுந்த புகழ்பெற்ற ஊழல் ஒன்று அமெரிக்காவில் நடந்தது.

1950களில் ஆலன் ஃப்ரீட் என்பவர் மிகப் புகழ்பெற்ற வானொலி டிஜேயாக விளங்கினார். 'ராக் அண்ட் ரோல்' என்ற பெயரை மக்களிடையே பரப்பியவர்களுள் முதன்மையானவர் அவர். அக்காலத்தில் இசைத்தட்டு நிறுவனங்கள் தங்கள் பாடலை அடிக்கடி ஒலிபரப்புவதற்காக டிஜேக்களுக்கு மறைவாகப் பணம் கொடுத்து வந்தன. இதற்குப் 'பேயோலா' என்று பெயர். பணத்திற்குப் பதிலாக வேறு சலுகைகளும் உண்டு. சக் பெர்ரி 1955இல் வெளியிட்ட 'மேபலீன்' பாடலின் ஆசிரியர் வரிசையில், அதை எழுதாத ஃப்ரீட்டின் பெயரும் இருந்தது. பாடல் விற்கும்போதெல்லாம் அவருக்கும் பங்கு போகும். 1959இல் விசாரணை வலுத்தபோது, தாம் எந்த நிறுவனத்திடமும் பணம் பெறவில்லை என்ற உறுதிமொழியில் கையெழுத்திட ஃப்ரீட் மறுத்தார். வானொலி வேலையை இழந்தார். 1962இல் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது நீதிமன்றம் விதித்த அபராதம் 300 டாலர்தான். ஆனால், அவருடைய தொழில் வாழ்க்கை மீண்டும் எழவே இல்லை. 1965இல் அவர் இறந்தார்.

இதற்கிடையே 1960இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அந்தத் திருத்தத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பணம் வாங்கிக்கொண்டு ஒரு பாடலை ஒலிபரப்புவதை அது முழுவதுமாகத் தடை செய்யவில்லை. பணம் பெற்றதை நேயர்களுக்கு அறிவிக்காமல் ஒலிபரப்புவதைக் குற்றமாக்கியது. அதாவது, பேனாவை வாடகைக்கு விடலாம். வாடகைக்கு விட்டிருக்கிறேன் என்பதை மறைக்கக் கூடாது. இன்று சமூக ஊடகங்களில் பணம் பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்பவர்களுக்கும் இதே கேள்வி எழுகிறது. சிங்கப்பூரின் விளம்பரத் தர ஆணையம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டி, பணம் பெற்று வெளியிடும் பதிவை விளம்பரம் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்கிறது.

சட்டம் தெளிவாக இருந்தாலும் வாழ்க்கை அப்படி இருப்பதில்லை. ஒரு கைப்பேசி நிறுவனத்திற்கு ஜூன் மாதம் விளம்பர வாசகம் எழுதியவர், அதே நிறுவனம் ஜூலையில் நடத்தும் இசை நிகழ்ச்சியை விமர்சனம் செய்யலாமா? கூடாது என்று சொல்வது எளிது. ஆனால், நம் நாட்டுத் தமிழ்க் கலையுலகம் சிறியது. நாடக இயக்குநர் நமக்குப் பள்ளியில் மூத்தவராக இருப்பார். நடன மணியின் அரங்கேற்ற மலரை நாமே தொகுத்திருப்போம். விழா ஏற்பாட்டாளர் போன மாதம் நம்மை டிஜேயாக அழைத்திருப்பார். தொடர்புள்ள எல்லா வேலைகளையும் மறுத்தால் வீட்டு வாடகை கட்ட முடியாது. எல்லாவற்றையும் ஏற்றால், "இவர் யாரைத்தான் குறை சொல்லியிருக்கிறார்?" என்று வாசகர் கேட்பார். ஆகவே நேர்மையான எழுத்தாளர்கள், வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே இதழாசிரியரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். "அந்த நிறுவனத்திடம் நான் பணம் பெற்றிருக்கிறேன். வேறு ஒருவரை அனுப்புங்கள்" என்று சொன்னால் அன்றைய வருமானம் போகும். என் கருத்தில், அந்த ஒரு கட்டுரைக்கான பணத்தை இழப்பதுதான் மலிவு. அடுத்த முறை அவர் ஒன்றைப் பாராட்டினால் வாசகர் நம்புவார்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு கணக்கையும் பார்த்துவிடலாம். மலேசியாவில் மாதம் 3,000 ரிங்கிட் சம்பளம் பெறும் ஊழியர், தம் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 330 ரிங்கிட் செலுத்துகிறார். முதலாளி 13 விழுக்காடு, அதாவது 390 ரிங்கிட் சேர்க்கிறார். மாதந்தோறும் 720 ரிங்கிட் முதுமைக்காகச் சேர்கிறது. அதே 3,000 ரிங்கிட்டை எழுதிச் சம்பாதிக்கும் தன்னுரிமை எழுத்தாளருக்கு யாரும் எதையும் சேர்ப்பதில்லை. அவரே விருப்பத்தின் பேரில் சேமநிதியில் பணம் போட வேண்டும். அப்படிப் போடுவோருக்கு 'ஐ-சாரான்' திட்டத்தின் வழி அரசாங்கமும் ஒரு பங்கு தருகிறது. விபத்து நேர்ந்தால் கைகொடுக்க, 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொக்சோவில் தாமே பதிந்துகொள்ளலாம். வருமான வரிக்கும் தனிப் பாரம் உண்டு. சம்பளக்காரர் ஏப்ரல் இறுதிக்குள் அனுப்ப, இவர் பி பாரத்தை ஜூன் இறுதிக்குள் அனுப்பலாம். பற்றுச்சீட்டுகளை ஏழு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். கட்டுரைக்கான பணம் இரண்டு மாதம் தாமதமானால் அவரேதான் தொலைபேசியில் கேட்க வேண்டும். எழுத்தின் அழகைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை. இத்துறைக்கு வர நினைக்கும் மாணவர்கள் இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

டேவ் ஹாஸ்லம் பல ஆண்டுகளாகச் சேர்த்த இசைத்தட்டுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. எழுத்தும் இசையுமாகக் கழிந்த வாழ்க்கையின் சேமிப்பு அவை. பிற்காலத்தில் அவர் அந்தத் தொகுப்பு முழுவதையும், சேத் டிராக்ஸ்லர் என்ற இன்னொரு டிஜேக்கு விற்றுவிட்டார். தட்டுகளைப் பெட்டிகளில் அடுக்கியபோது மொத்தம் 35 பெட்டிகள் வந்தன. அவை வீட்டைவிட்டுப் போன பிறகு, எப்படி வாங்கினேன், ஏன் விற்றேன் என்று உட்கார்ந்து எழுதினார். '35 பெட்டிகளில் ஒரு வாழ்க்கை' என்று பொருள்படும் தலைப்பில் அந்தச் சிறு நூல் 2019இல் வெளிவந்தது.